அப்பாவின் காது

முள்ளியவளை

அன்புள்ள பிள்ளைக்கு,

போன கிழமை நீ எடுத்தபோது அப்பா பாதியிலேயே போனை என்னிடம் தந்துவிட்டு எழும்பிப் போனார். உனக்கு மனம் நொந்திருக்கும். கேட்டது ஒன்று, பதில் இன்னொன்று. அறளை பேர்ந்திட்டுது, மறதி வந்திட்டுது என்று அயலில் கதைத்ததை நானும் ஒரு வருடமாக நம்பித்தான் இருந்தேன்.

சித்தப்பா வந்த அன்றுதான் எனக்குப் பிடிபட்டது. வேப்பமரத்தடிக்குப் போவதை அப்பா விட்டுவிட்டாரே என்று, வீட்டு விறாந்தையிலேயே கடதாசி போட்டு முந்நூற்றிநாலு விளையாடினார்கள். விழுந்த கடதாசி ஒன்றையும் அப்பா மறக்கவில்லை. புள்ளியை மனதிலேயே கூட்டிச் சொன்னார். எதிரே இருந்தவர் கேள்வி கேட்டதுதான் அவர் காதில் விழவில்லை.

கிளினிக்கில் சோதித்தார்கள். இடது காது ஏறக்குறையக் கேட்பதே இல்லை. 2009இல் பங்கருக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்த நாளிலிருந்து காதுக்குள் இரைகிறது என்று சொல்லுவாரே, உயிர் தப்பினது போதும் என்று நாங்கள் அதைக் கவனிக்காமல் விட்டோம். அதுதான் பிள்ளை என்னை வருத்துகிறது.

காது கேளாமை மறதி நோய் இல்லை. ஆனால் அப்படியே விட்டால் அதற்கு வழி திறக்கலாம் என்றார் டொக்டர். சத்தத்தைப் பிடிக்கவே மூளை மாய்கிறது, நினைவில் வைக்க மிச்சம் இல்லை. அதோடு மனிசன் சனத்தை விட்டு ஒதுங்கிவிடுவார். லான்செட் என்ற மருத்துவ சஞ்சிகையின் ஆணைக்குழு 2024இல் மறதி நோய்க்கு 14 காரணங்களைச் சொல்லியிருக்கிறது. அவற்றைச் சரியாகக் கவனித்தால் உலகத்தில் மறதி நோயில் 45 வீதமளவைத் தவிர்க்கலாம் அல்லது தள்ளிப்போடலாமாம். பிரஷர், சீனி, புகைத்தல், தனிமை எல்லாம் அதில் உண்டு. ஆகக் கூடின பங்கு காதுக்கும் கெட்ட கொலஸ்ட்ரோலுக்கும்தான்.

காது கேட்கிற மெஷின் போட்டால் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 70 வயது தாண்டிய 977 பேரை, மெஷின் கொடுத்தவர்கள், கொடுக்காதவர்கள் என்று பிரித்து 3 வருடம் பார்த்தார்களாம். எல்லாரையும் சேர்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே ஆபத்துக் கூடியிருந்தவர்களில்தான், மெஷின் போட்டவர்களுக்கு நினைவும் யோசனையும் மங்குவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அப்பாவுக்குப் பிரஷரும் சீனியும் இருக்கிறது. எனக்கு அது போதும்.

நீ அனுப்பிய காசில் மெஷின் வாங்கியாச்சு. சட்டிபானைச் சத்தம் மண்டைக்குள் அடிக்குதாம், கழற்றி அலுமாரிக்குள் வைக்கிறார். பழக நாள் எடுக்கும். நீ சொன்னால் கேட்பார்.

இனி வீடியோவில் எடு. முகத்தைக் காட்டி, ஆறுதலாகக் கதை. "சாப்பிட்டீங்களா" என்பதோடு நிற்காமல் வயலைப் பற்றிக் கேள், குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்குது என்று கேள். உனக்கு வெள்ளி இரவு, எங்களுக்குச் சனி காலை. அதற்கு முதல் மெஷினைப் போட்டு இருத்தி வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா