கலம்காரி: மயில் வரைவதற்கு முன் கடுக்காய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக் கைவேலைகள் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், பருத்தித் துணியில் இயற்கைச் சாயம் கொண்டு படம் வரையும் கலையான கலம்காரிக்கும் ஒரு பத்தி இருந்தது. வெள்ளைத் துணி, அக்ரிலிக் வண்ணம், மெல்லிய பிரஷ், ஒரு மயில் படம், இரண்டே மணி நேரம் என்று எழுதியிருந்தீர்கள். அப்படிச் செய்தால் கிடைப்பது துணி ஓவியம். அதில் குற்றம் இல்லை, பிள்ளைகள் ஆசையாகச் செய்யட்டும். ஆனால் அதைக் கலம்காரி என்று சொல்ல முடியாது. அக்ரிலிக் துணியின் மேல் படலமாகப் படிந்து நிற்கிறது. கலம்காரியில் சாயம் நூலுக்குள்ளேயே உருவாகிறது.

கலம்காரிக்குப் பேர்போன ஆந்திரத்துக் காளஹஸ்தி, ஊத்துக்கோட்டையில் இருப்பவர்களுக்கு நாகலாபுரம், பிச்சாட்டூர் வழியாக எட்டிவிடும் ஊர். இந்தப் பக்கத்து வாசகர்களுக்காவது அசல் முறையின் தொடக்கத்தைச் சொல்லியிருக்கலாம். ஆந்திரத்திலேயே மசூலிப்பட்டினம், பெடனா பக்கம் செய்வது மர அச்சுப் பதிப்பு. காளஹஸ்தி வேலை முழுக்கப் பேனா. தமிழ்நாட்டிலும் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை ஓவியர்கள் பேனாவால் வரைகிறார்கள். கருப்பூர் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தொடங்க வேண்டிய பொருள்களில் முக்கால்வாசி நாட்டு மருந்துக் கடையிலும் பழைய இரும்புக் கடையிலும் உள்ளவை.

படம் வரைய வராது என்றுதான் பலர் தயங்குகிறார்கள். கோடு கோணலானால் பெரிய கேடு ஒன்றும் இல்லை. துணி பதமாகாமல் இருந்தால்தான் எத்தனை நல்ல கோடும் வீண். ஆகவே புதியவர்கள் முதலில் கருப்புச் சாயத்தையும் துணியையும் தயார் செய்து பழகட்டும், படம் பிறகு வரட்டும் என்பதே எங்கள் கருத்து.

கருப்புச் சாயம் ஊறி முடிய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால் அதிலிருந்து தொடங்க வேண்டும். காளஹஸ்தி ஓவியர்கள் கசிமி என்று சொல்வது இதைத்தான். கால் கிலோ துருப்பிடித்த ஆணி அல்லது இரும்புத் துண்டு, 100 கிராம் வெல்லம், ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு மண் பானை. இரும்பை முதலில் நெருப்பில் காட்டி எண்ணெயையும் பெயின்ட்டையும் போக்கிக் கழுவிக்கொள்ளுங்கள். பளபளவென்று துத்தநாகம் பூசிய ஆணி வேண்டவே வேண்டாம். வெல்லம் புளித்து வரும் அமிலத்தைத் துத்தநாகம் தின்றுவிடும், கருப்பு வராது. பானை வாயைத் துணியால் கட்டுங்கள். மூடி போட்டு இறுக்கினாலோ பாட்டிலில் அடைத்தாலோ உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை குச்சியால் கிளறினால் போதும். நுரை அடங்கி, புளித்த நெடி வந்து, தண்ணீர் பழுப்பாகும்போது, பின்னால் சொல்லும் முறையில் கடுக்காய் ஏற்றிய துணித் துண்டில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். வைத்த கணம் வெளிறிய சாம்பலாகத் தெரிந்து, சில நிமிடங்களில் நல்ல கருப்பானால் வடிகட்டிக்கொள்ளலாம். சாம்பலாகவே நின்றால் இன்னும் ஒரு வாரம் விடுங்கள். அவசரப்பட்டு வினிகரில் ஆணியை ஊறவைக்கிறார்கள். கருப்பு வரும், ஆனால் அமிலம் மிஞ்சிய கரைசல் காலப்போக்கில் துணியை அரிக்கும். பழைய கலம்காரித் துணிகளில் கருப்புக் கோடு இருந்த இடம் மட்டும் இற்றுப்போயிருப்பதைக் காணலாம். இரும்பும் அமிலமும் சேர்ந்து செய்யும் வேலை அது.

பானை ஊறும் வாரங்களில் துணியைக் கவனிக்கலாம். வெளுக்காத காடாத் துணி அரை மீட்டர், ஏறத்தாழ 100 கிராம் எடை இருந்தால் முதல் வேலைக்குப் போதும். பாலியஸ்டர் கலந்திருந்தால் சாயம் பிடிக்காது. ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். சாம்பல் தூளாக உதிர்ந்தால் பருத்தி, உருகிக் கட்டியானால் கலப்பு. தறியில் ஏற்றும்போது போட்ட கஞ்சியை எடுக்க, துணியை ஓர் இரவு வெறும் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் மூன்று லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டு அலசுங்கள். காய்ந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்ச வேண்டும். முத்தாக உருண்டு நின்றால் கஞ்சி இன்னும் இருக்கிறது, மறுபடி கொதிக்க வையுங்கள். புதியவர்கள் தாண்டிப் போகும் படி இது. பிறகு திட்டுத் திட்டாகச் சாயம் ஏறியபின், சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேரைக் குறை சொல்வார்கள்.

அடுத்தது கடுக்காய்ப்பால். கொட்டை நீக்கிய கடுக்காய்த் தூள் 30 கிராம் எடுத்து அரை லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, கால் லிட்டர் காய்ச்சாத எருமைப்பாலைச் சேருங்கள். நனைத்துப் பிழிந்த துணியை அதில் போட்டு எல்லா மடிப்பிலும் ஏறும்படி கால் மணி நேரம் பிசைந்து, சீராகப் பிழிந்து, கடும் வெயிலில் விரித்துக் காயவிடுங்கள். கயிற்றில் மடித்துப் போட்டால் மடிப்பில் ஒரு பட்டை விழும். கடுக்காயின் துவர்ப்புத்தான் இரும்பைப் பிடித்துக் கருப்பாக்குகிறது. பாலின் கொழுப்புதான் எழுதிய கோடு இழையோடு ஓடிப் பரவாமல் தடுக்கிறது. பசும்பாலிலும் செய்யலாம், ஆனால் கொழுப்புக் குறைவு. கொழுப்பு நீக்கிய பாக்கெட் பாலைச் சேர்த்துவிட்டு, கோட்டுக்கு ஓரத்தில் மீசை முளைக்கிறது என்று வருந்துபவர்கள் அதிகம். மேகமூட்டமான நாளில் இந்த வேலையை எடுக்காதீர்கள். மெதுவாகக் காயும் துணியில் பால் திரிந்து நாறும், கறையும் விழும். மே மாத வெயிலுக்கு இதைவிட நல்ல உபயோகம் கிடையாது.

பேனாவை வீட்டிலேயே செய்யலாம். ஒரு சாண் நீள மூங்கில் குச்சியின் நுனியைச் சீவிக் கூராக்கி, நுனியிலிருந்து ஒரு விரற்கடை விட்டு, கம்பளித் துண்டை நெல்லிக்காய்ப் பருமனுக்குச் சுற்றி நூலால் வரிந்து கட்டுங்கள். சாயத்தைக் குடித்து வைத்திருப்பது அந்தச் சுற்று. விரலால் லேசாக அமுக்க அமுக்கச் சாயம் நுனிக்கு இறங்கும். பஞ்சைச் சுற்றினால் நனைந்ததும் சப்பிப் போகும். கம்பளி அப்படிச் சப்பாது. கோட்டுக்கு ஒரு கூர்ப்பேனா, நிரப்புவதற்கு ஒரு மொட்டைப்பேனா. இரும்புக் கருப்புக்கு வைத்த பேனாவை, சிவப்புக்காகப் பூசும் படிகார நீருக்கு எடுக்கக் கூடாது.

முதல் துணியில் தெய்வ உருவமோ முகமோ வேண்டாம். புள்ளி, வளைவு, இலை, மாங்காய், ஒரு கரை. வாசலில் சிக்குக் கோலம் போடும் கைக்கு இது அரைநாள் பழக்கம். கோட்டை முதலில் கரியால் இழுத்துக்கொள்ளலாம். புளியங்குச்சியைக் காற்றுப் புகாத டப்பாவில் இட்டு நெருப்பில் வைத்தால் எழுதுகரி தயார். பேனாவைத் தோய்த்ததும் முதல் சொட்டைப் பழைய துணியில் ஒற்றிவிட்டு எழுதுங்கள். கருப்புச் சொட்டு விழுந்துவிட்டால் அழிக்கப் பார்க்காமல் அதை ஒரு மொட்டாகவோ பூச்சியாகவோ மாற்றிவிடுங்கள். தேர்ந்தவர்களின் துணியிலும் காரணமில்லாத மொட்டுகள் சில இருக்கும்.

சிவப்பு வேறு கதை. அதைப் பேனாவால் பூச முடியாது. சிவக்க வேண்டிய இடத்தில் படிகாரத்தைப் பூசி, பிறகு முழுத் துணியையும் சாயத்தில் இறக்க வேண்டும். படிகாரம் உள்ள இடம் சிவந்து பிடித்துக்கொள்ளும், மற்ற இடம் பெரும்பாலும் விட்டுவிடும். கால் லிட்டர் வெந்நீரில் 25 கிராம் படிகாரம் கரைத்து ஆறவிடுங்கள். நிறமில்லாத நீர் ஆகையால் எங்கே பூசினோம் என்று தெரியாது. மஞ்சிட்டிச் சாறு ஒரு கரண்டி கலந்தால் கண்ணுக்குத் தெரியும். பூசியபின் ஒரு முழு நாள் காயவிட்டு அலசுங்கள்.

இந்த அலசலில்தான் கை தேற வேண்டும். ஒட்டாத படிகாரம் துணியை விட்டுப் போகும்போது வேறிடத்தில் படியக் கூடாது, படிந்தால் அங்கும் சிவக்கும். காளஹஸ்தியில் இந்த வேலை பொன்முகலி ஆற்றின் ஓட்டத்தில் வளர்ந்ததற்குக் காரணம் இதுவே. விலகிய படிகாரத்தை ஓடும் நீர் அப்படியே கொண்டுபோய்விடும். வீட்டில் குழாயடியில் துணியை விரித்துப் பிடித்து அலசலாம், இல்லையென்றால் நான்கு வாளி மாற்றி, துணி ஓரிடத்தில் நிற்காமல் ஆட்டிக்கொண்டே இருக்கலாம். ஊறவைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் பின்னணி முழுக்க இளஞ்சிவப்புத்தான். ஊத்துக்கோட்டை, பூண்டிப் பக்கத்து வாசகர்கள் ஆசைப்பட்டுக் கிருஷ்ணா நீர்க் கால்வாயில் இறங்கிவிட வேண்டாம். அது சென்னைக்குப் போகும் குடிநீர்.

சாயத்துக்கு மஞ்சிட்டி வேர்த்தூள் துணியின் எடைக்குச் சமமாக, அதாவது 100 கிராம். துணிப்பையில் கட்டி நான்கு லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, எவர்சில்வர் பாத்திரத்தில் துணியோடு மெல்லச் சூடேற்றுங்கள். கை பொறுக்காத சூடு, ஆனால் கொதி வரக் கூடாது. 60 முதல் 70 டிகிரியில் ஒரு மணி நேரம், புரட்டிக்கொண்டே. கொதித்தால் வேரிலுள்ள பழுப்பும் இறங்கிச் சிவப்பு செங்கல் நிறமாகிவிடும். இரும்புச் சட்டி கூடாது, சிவப்பு கறுத்துவிடும். தண்ணீரில் இரும்பு இருந்தாலும் இதே கேடுதான். சோதிப்பது எளிது: ஒரு டம்ளர் ஆழ்குழாய்த் தண்ணீரில் கடுக்காய்ச் சாறு ஒரு கரண்டி விடுங்கள். தண்ணீர் சாம்பலாகக் கறுத்தால் அதைச் சாயத்துக்கு எடுக்காதீர்கள். மழைநீர் இருந்தால் நல்லது, இல்லையென்றால் கேன் தண்ணீர். சமையல் பாத்திரத்தையும் சாயப் பாத்திரத்தையும் பிரித்தே வையுங்கள்.

மஞ்சிட்டி மலைநாட்டுச் சரக்கு. சோழமண்டலக் கரையின் பழைய சிவப்பு மணற்பாங்கில் விளையும் சாயவேரிலிருந்து, அதாவது இம்பூரலிலிருந்து வந்தது. 1868-இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் கிரேபேயும் லீபர்மானும் அந்த வேரின் சிவப்புக்குக் காரணமான அலிசரினைச் செயற்கையாகச் செய்த பிறகு வேர் தோண்டும் தொழில் படுத்தது. இன்று சாயவேர் தேடி அலைவதைவிட மஞ்சிட்டியில் பழகுவதே புதியவருக்கு நல்லது.

சாயத்திலிருந்து எடுத்ததும் பின்னணி கொஞ்சம் பழுப்பாகத்தான் இருக்கும். சாணம் கரைத்த நீரில் ஓர் இரவு வைத்து அலசி, புல்தரையில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்தால் மூன்று நான்கு நாளில் வெளுக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டால் சிவப்பும் சேர்ந்து போய்விடும். மஞ்சள் கடைசியில்: கடுக்காய்ப்பூ 50 கிராம் அரை லிட்டர் தண்ணீரில் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி, வடிகட்டி, ஒரு சிட்டிகை படிகாரம் சேர்த்துப் பேனாவால் பூசுங்கள். பூசுவதற்கு முன் துணியைத் தண்ணீர் கலந்த பாலில் நனைத்துக் காயவைத்தால் மஞ்சள் பரவாது. மாதுளைத் தோலிலும் இதே முறைதான். சமையல் மஞ்சள் பூசினால் பளிச்சென்றிருக்கும், வெயிலில் சில நாளில் ஓடிவிடும். நீலத்தை முதல் ஆண்டில் தொடாதீர்கள். அவுரியைக் காற்றில்லாமல் புளிக்கவைத்துக் கரைக்கும் தொட்டி தனி வித்தை.

1950-களில், கைவினைகளை மீட்கப் பாடுபட்ட கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியால் காளஹஸ்தியில் பயிற்சிக்கூடம் தொடங்காமல் போயிருந்தால் பேனா முறை நூலகத்தில்தான் இருந்திருக்கும். இன்று கடைகளில் கலம்காரி என்று விற்பதில் பெரும்பகுதி ஸ்கிரீன் அச்சு. வாங்குபவர்கள் துணியைப் புரட்டிப் பார்க்கலாம்: பேனா வேலையில் பின்பக்கமும் கோடு ஊறித் தெரியும், ஒரே பூ இரண்டு இடத்தில் அச்சாக ஒன்றுபோல் இருக்காது.

தங்கள் இணைப்பில் அடுத்த வாரம் இடமிருந்தால், கருப்புச் சாயத்துக்கும் கடுக்காய்ப்பாலுக்கும் மேலே தந்துள்ள அளவுகளை மட்டுமாவது ஒரு சிறு கட்டத்தில் வெளியிட வேண்டுகிறோம். இந்த வாரம் பானையில் இரும்பைப் போடுபவர்களுக்குப் பள்ளி திறப்பதற்குள் ஒரு கைக்குட்டையளவு கரைத்துணி முடிந்துவிடும். மிஞ்சும் கசிமியைக் கொட்ட வேண்டாம். வெல்லமும் தண்ணீரும் அவ்வப்போது சேர்த்து வந்தால் அதே இரும்பு மீண்டும் மீண்டும் சாயம் தரும்.

இப்படிக்கு,
இயற்கைச் சாய வேலை செய்யும் வாசகர்கள் சிலர்,
ஊத்துக்கோட்டை வட்டாரம், திருவள்ளூர் மாவட்டம்.