உடைந்த ஏழாம் நம்பர் கோல்ஃப் அயன்

பினாங்கு

அன்பு சேகர்,

இங்கே எல்லாரும் நலம். பேத்தி பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். கோலாலம்பூரிலும் தினம் மழைதானா?

உன் ஏழாம் நம்பர் அயனின் (இரும்புத் தலை கோல்ஃப் மட்டை) ஷாஃப்ட், அதாவது தண்டு, தலைக்குச் சற்று மேலே ஒடிந்துவிட்டது, உள்ளே கம்பி விட்டு ஒட்டலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டவே வேண்டாம். வீச்சின் விசையெல்லாம் அந்த இடத்தில்தான் வந்து இறங்கும். ஒட்டு விட்டுப்போனால் தலை, பக்கத்தில் நிற்பவர் மேல் பறக்கும். ஷாஃப்டையே மாற்று.

முதலில் ஒடிந்த வாயைப் பார். உள்ளே துரு ஏறியிருந்தால், கிரிப் (கைப்பிடி) நுனித் துளை வழியாக இறங்கிய தண்ணீர் அடியில் தங்கி அரித்திருக்கிறது. அப்படியானால் பையிலுள்ள மற்ற அயன்களையும் நம்பாதே. ஹோசலை, அதாவது ஷாஃப்ட் செருகும் தலையின் கழுத்தை, ஒட்டி ஷாஃப்டில் கொப்புளம் தெரிகிறதா என்று தடவிப் பார்.

மிச்சத் துண்டு வெளியே நீண்டிருந்தால் வைஸில் இறுக்கி, ஹோசலை மட்டும் ஹீட் கன்னால் சுற்றிச் சுற்றிச் சூடாக்கு. தலையின் பின்பக்கம் பிளாஸ்டிக் பட்டை இருந்தால் ஈரத்துணி போர்த்து. உள்ளே பிடித்திருக்கும் எபாக்ஸி பசை இளகியதும் தலையைத் திருகிக் கழற்றலாம். ஹோசல் விளிம்போடு மட்டமாக ஒடிந்திருந்தால் சூட்டோடு ஸ்குரூ எக்ஸ்ட்ராக்டர் (உள்ளே திருகி மிச்சத்தை வெளியே இழுக்கும் கருவி) போடு. துண்டின் நுனிக்குள் சிறு எடைத்துண்டு இருந்தால் எறியாதே. தலையில் 2 கிராம் குறைந்தாலே ஸ்விங்வெயிட் (வீசும்போது தலை கனக்கும் அளவு) ஒரு புள்ளி இறங்கும்.

புது ஷாஃப்ட் வாங்குமுன் ஹோசல் துளையை அள. டேப்பர் (நுனி குறுகிக்கொண்டே போவது) என்றால் 0.355 இன்ச், பேரலல் (நுனி ஒரே பருமனாக இருப்பது) என்றால் 0.370. டேப்பரை நுனியில் வெட்டக்கூடாது, கிரிப் பக்கம் மட்டும்தான் வெட்டவேண்டும். வெட்டும்போது கிரிப் மூடியின் தடிமனையும், சுமார் 1/8 இன்ச், கழித்துக்கொள்.

பெரும்பாலும் வேலை கெடுவது ஒட்டும்போதுதான். குரோம் பூச்சில் எபாக்ஸி சரியாகப் பிடிக்காது. ஹோசலுக்குள் போகும் நீளம் முழுக்க 80 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய். ஹோசலின் உட்புறத்தையும் கம்பி பிரஷால் சுரண்டி, இரண்டையும் அசிட்டோனால் துடைத்தபின் விரல் படக்கூடாது. ஐந்து நிமிட எபாக்ஸி வாங்காதே, அது இந்த அதிர்ச்சியைத் தாங்காது. ஷாஃப்டுக்கென்றே விற்கும் இரண்டு பாகப் பசையை ஷாஃப்ட் நுனியிலும் ஹோசலுக்குள்ளும் பூசு. ஃபெரூலை (ஹோசல் வாய்க்கு மேல் உட்காரும் பிளாஸ்டிக் வளையம்) முதலில் ஷாஃப்டில் மாட்ட மறக்காதே. திருகியபடி அடிவரை இறக்கி, நேராக நிறுத்தி, 24 மணி நேரம் தொடாதே. அதன்பிறகும் வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் மட்டையைப் போட்டுவைக்காதே. அந்தச் சூடு பசையைத் தளர்த்திவிடலாம்.

வெட்டுமுன் உன் ஆறாம், எட்டாம் நம்பர் அயன்களின் நீளத்தை அளந்து எழுது. ஏழு அவற்றுக்கு நடுவில் வரவேண்டும். கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
மணியம்