தேங்கா தண்ணிக்கும் ஒரு வழி பண்ணணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

போன இதழ்ல டென்மார்க்ல இருக்கற காலுண்ட்போர்க் ஊரைப் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவை படிச்சேன். கரன்ட் ஆலையோட நீராவி பக்கத்துல இன்சுலின் பண்ற கம்பெனிக்கு போகுது, ரீஃபைனரில சும்மா எரிஞ்சிட்டிருந்த கேஸ 1972லயே பைப் போட்டு ஜிப்சம் போர்டு பண்றவங்களுக்கு குடுத்திருக்காங்க, யாரும் மேல இருந்து திட்டம் போட்டு குடுக்கல, பக்கத்து பக்கத்து மேனேஜருங்க பேசிப் பேசியே அமைஞ்சிருக்கு. படிச்சதும் எனக்கு எங்க ஊர் தான் ஞாபகம் வந்துச்சு.

நான் காங்கேயத்துல கொப்பரை களம் வெச்சிருக்கேனுங்க, தேங்காய உடைச்சு வெயில்ல காயவெக்கற எடம். இங்க மழை கம்மி, வெயில் ஜாஸ்தி, அதனால தான் சுத்துப்பட்டுல எங்க பார்த்தாலும் களமும் எண்ணெய் மில்லும். ஒரு தேங்காய எடுத்துக்கங்க. மட்டை நார் மில்லுக்கு போயிருது. நார் எடுத்தப்பறம் வர்ற தூள முன்னாடி ரோட்டோரமா மலை மாதிரி கொட்டி வெச்சிருப்பாங்க, மழை பேஞ்சா செவப்பா தண்ணி ஓடும், யாரும் சீந்த மாட்டாங்க. இன்னிக்கு அதையே கழுவி காயவெச்சு அமுக்கி 5 கிலோ கட்டியா கப்பல்ல அனுப்பறாங்க, வெளிநாட்டுல மண்ணுக்கு பதிலா அதுல செடி வளர்க்கறாங்களாம். தொட்டிய, அதான் கொட்டாங்குச்சிய, கரி போடறவங்க வாங்கிக்கறாங்க, அந்த கரி ஆக்டிவேட்டட் கார்பன் ஆகி தண்ணி ஃபில்டருக்கும், தங்கம் பிரிக்கறதுக்கும் கூட போகுது. எண்ணெய் ஆட்டுன புண்ணாக்கு மாட்டுத் தீவனம். எங்க தாத்தா காலத்துல தொட்டி அடுப்பெரிக்க மட்டும் தான், இப்ப அதுக்கு தினமும் ரேட் கேக்கறோம்.

ஆனா தண்ணி? அது மட்டும் இன்னும் மண்ணுல தான் போகுதுங்க.

காய உடைக்கறப்ப தண்ணி கீழ ஊத்தும், அவ்ளோ தான், அதுக்கு மேல யாரும் யோசிக்கறதில்ல. ஒரு காய்க்கு சராசரியா 100 மில்லினு வெச்சாலும் 10,000 காய் உடைக்கற அன்னிக்கு 1,000 லிட்டருங்க, எங்க ஒரு களத்துல மட்டும். ரெண்டு மூணு மணி நேரத்துல புளிச்சு வாடை வந்துரும், ஈ மொய்க்கும், உடைக்கற அம்மாங்க அந்த வாடையிலயே உக்காந்து வேலை பாக்கறாங்க. ரெண்டு வருசம் முன்னாடி பக்கத்து தோட்டத்து அண்ணன் வந்து, தம்பி என்ர கெணத்துத் தண்ணி வாடை வருதுனு சொன்னார். போய் பார்த்தேன், அவர் சொன்னது நெசம் தான். தப்பு என்னுது, அன்னில இருந்து இது மனசுல உறுத்திட்டே இருக்கு.

வழி இல்லாம இல்லீங்க. முத்துன காய்த் தண்ணில சக்கரை கம்மி, கொஞ்சம் சக்கரை சேத்து நொதிக்க விட்டா வினிகர் ஆகுது, பிலிப்பைன்ஸ்ல அதையே ஜெல்லி மாதிரி நாட்டா டி கோக்கோவா பண்ணி உலகம் பூரா விக்கறாங்க. நம்ம தென்னை வளர்ச்சி வாரியமே வினிகர் போடறதுக்கு சொல்லித் தருது. குடிக்கற மாதிரி பண்ணணும்னா உடனே குளிர வெக்கணும், அது எங்களால ஆகாது. வினிகருக்கு அப்படி இல்ல, எப்படியும் புளிக்க வெக்கறது தானே, சுத்தமா புடிச்சு அன்னன்னிக்கே கொண்டு போனா போதும். சிக்கல் என்னன்னா ஒரு களத்துக்காரன் தனியா டேங்க் வெச்சு பண்ணா கட்டாது, வினிகர் போடறவருக்கு ஒவ்வொரு களமா வந்து 500 லிட்டர் எடுத்தா டீசல் செலவுக்கே ஆகாது. பால் சொசைட்டிக்கு மட்டும் எப்படி கட்டுபடி ஆகுது? ரெண்டு லிட்டர் ஊத்தறவங்களும் ஊத்தறாங்க, ஒரே வண்டி எல்லாத்தையும் எடுத்துட்டு போகுது. அதே மாதிரி ஒரு வண்டி சாயங்காலம் களங்களுக்கு வந்தா போதுமுங்க.

பக்கத்து கரூர் மாவட்டத்துல காகிதபுரத்துல இருக்கற டிஎன்பிஎல் பேப்பர் மில்ல பாருங்க. 1979ல அரசாங்கம் ஆரம்பிச்ச கம்பெனி. சர்க்கரை ஆலைக்காரங்க கரும்பு சக்கைய பாய்லர்ல போட்டு எரிச்சிட்டு இருந்தாங்க, சக்கைய எங்களுக்கு குடுங்க, உங்க நீராவிக்கு நாங்க வேற வழி பண்றோம்னு பேசி முடிச்சு தான் அந்த சக்கைல பேப்பர் வந்துச்சு. பேப்பர் பண்றப்ப வர்ற சுண்ணாம்பு சேத்துலயும் பாய்லர் சாம்பல்லயும் அங்கயே சிமெண்ட் பண்றாங்க. அங்க நடுவுல நின்னு பேச ஒரு பெரிய கம்பெனி இருந்துச்சு. எங்களுக்கு அப்படி யாருமில்ல, எல்லாரும் சின்ன சின்ன ஆளுங்க. அந்த நடு ஆள் வேலைய மாவட்ட தொழில் மையம் எடுத்துக்கணும்ங்கறது தான் என் கோரிக்கை. எந்த களத்துல எத்தனை லிட்டர் வருது, யாருக்கு வேணும், இதை எழுதி வெச்சு ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல உக்கார வெச்சா போதும், மானியம் கூட அப்பறம் பேசிக்கலாம்.

என் களத்துல சிமெண்ட் தளம் போட்டு, தண்ணி ஒரே பக்கமா ஓடி வடிகட்டி டிரம்முல விழற மாதிரி வாய்க்கா கட்டிட்டேன். அக்கம்பக்கத்துல நாலு களத்துக்காரங்க கட்டறேன்னு சொல்லியிருக்காங்க. தை பொறந்தா உடைப்பு ஜாஸ்தி ஆயிரும். வினிகர் போடறவங்க யாராச்சும் இந்த கடிதத்த படிச்சா அதுக்கு முன்னாடி ஒருதடவை வந்து பாருங்க, முதல் மாசம் தண்ணிக்கு காசே வேண்டாமுங்க.

இப்படிக்கு,
கொப்பரை களம் நடத்தும் வாசகர்,
காங்கேயம்