வெள்ளைக் குட்டி போட்டால் ஜோடி கலப்படமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார வேளாண் பக்கத்தில், சின்சில்லா என்ற முயல் இனத்தைப் பற்றி, "சின்சில்லா ஜோடி வெள்ளைக் குட்டி போட்டால் அது கலப்படம், விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். நாலாம் நாள் அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு வடமதுரைப் பக்கத்துத் தம்பி ஒருவர் என் வாசலில் பைக்கை நிறுத்தினார். பின்னால் கட்டிய பிளாஸ்டிக் கூடையில் ஒரு மாதக் குட்டிகள் ஏழு. அதில் இரண்டு தும்பைப்பூ வெள்ளை, கண் சிவப்பு. "சுத்த ஜோடின்னு சொல்லித்தானே அண்ணே காசு வாங்குனீங்க?"

அந்த ஜோடி சோவியத் சின்சில்லாதான். முதுகு முடியை வாயால் ஊதிப் பாருங்கள், வளையம் வளையமாகப் பிரியும்: அடியில் ஈய நிறம், நடுவில் முத்து வெள்ளை, நுனியில் கறுப்பு. சாதாரணப் பழுப்பு முயலுக்கு அந்த நடு வளையம் மஞ்சளாக இருக்கும். சின்சில்லா மரபணு மஞ்சளை எடுத்துவிட்டு, கறுப்பை விட்டுவைக்கிறது.

அப்படியானால் வெள்ளை எங்கிருந்து வந்தது? நான் சின்னாளபட்டிச் சாயப் பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் நின்றவன், எனக்குத் தெரிந்த மாதிரியே சொல்கிறேன். சுங்குடிக்கு எவ்வளவு பொடியாக முடிச்சுப் போட்டாலும், தொட்டியில் சாயம் இல்லையென்றால் சேலை வெள்ளையாகத்தான் வெளியே வரும். சிவப்புக் கண் வெள்ளை முயலும் அதுதான். கறுப்பு, சாக்லேட், வளைய முடி எல்லாவற்றுக்குமான மரபணு அதற்குள்ளும் இருக்கும். நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் என்ற நொதி வேலை செய்யாததால் எதுவும் வெளியே தெரிவதில்லை.

சின்சில்லாவும் இந்த வெள்ளையும் ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்கள். ஒரு முயலுக்குத் தகப்பன் வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று, ஆக இரண்டுதான் கிடைக்கும். சின்சில்லாவும் வெள்ளையும் சேர்ந்தால் சின்சில்லாதான் மேலே தெரியும், வெள்ளை பதுங்கிவிடும். எத்தனை தலைமுறை வேண்டுமானாலும் பதுங்கும். அப்படிப் பதுக்கிய ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்தால் குட்டிக்கு நாலில் ஒரு வாய்ப்பு வெள்ளைக்கு. அதற்காக எட்டுக் குட்டியில் கணக்காக இரண்டு வரும் என்று நினைக்க வேண்டாம். ஒன்றும் வராமலும் போகும், நாலும் வரும்.

காது, மூக்கு, கால் நுனி மட்டும் கறுத்த ஹிமாலயன் முயலும் இதே மரபணுவின் இன்னொரு வடிவம்தான். அதன் நொதி உடம்புச் சூட்டில் படுத்துவிடும், குளிர்ந்த நுனிகளில் மட்டும் வேலை செய்யும். கொடைக்கானலிலிருந்து ஒன்று கொண்டுவந்தேன். இங்கே நம்ம வெயிலில் முடி உதிர்ந்து முளைத்ததும் அதன் கரி மூக்கு சாம்பல் பூத்துவிட்டது. அதையும் யாராவது கலப்படம் என்பார்களோ என்னவோ.

என் பக்கமும் தப்பு உண்டு, மறைக்கவில்லை. அந்தத் தம்பிக்குக் கொடுத்த ஆணும் பெண்ணும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவை. அந்தத் தகப்பன் வெள்ளையைப் பதுக்கியிருந்தால் பிள்ளைகள் இரண்டுக்கும் அது போயிருக்க நல்ல வாய்ப்பு. உறவுக்குள் ஜோடி போட்டு விற்றேன் என்று என்னைத் திட்டலாம், நியாயம். இனம் மாற்றி ஏமாற்றினேன் என்பது நியாயமில்லை. கறிக்கு வளர்ப்பவருக்கு இதில் ஒரு நஷ்டமும் கிடையாது. தராசு நிறம் பார்ப்பதில்லை.

இனவிருத்திக்கென்றே வாங்குபவர் கேட்க வேண்டியது வேறு. "இந்த ஆணை வெள்ளைப் பெண்ணோடு சேர்த்துப் பார்த்தீர்களா?" என்று கேட்கட்டும். வெள்ளைப் பெண்ணிடம் கொடுக்க வெள்ளையைத் தவிர வேறு இல்லை. ஆண் பதுக்கியிருந்தால் குட்டிகளில் ஏறக்குறையப் பாதி வெள்ளையாக வரும். ஒரே ஒரு வெள்ளைக் குட்டி வந்தாலும் விஷயம் வெளியே வந்துவிட்டது. எட்டுக் குட்டியும் நிறத்தோடு பிறந்தால், பதுக்கிய ஆணிடம் அப்படி நடக்க 256-இல் ஒரு வாய்ப்புத்தான். 31 நாள் சினைக் காலம், ஒரு ஈத்துப் பொறுத்தால் போதும். உங்கள் குறிப்பில் இதைப் போட்டிருந்தால் அந்தத் தம்பிக்குப் பெட்ரோல் மிச்சம்.

அவருடைய வெள்ளைக் குட்டி இரண்டையும் நானே வாங்கிக்கொண்டேன். இரண்டும் பெண். ஆறு மாதமானதும் என்னிடமுள்ள ஆண் முயல்களைச் சோதிக்க அவைதான் வேண்டும்.

இப்படிக்கு,
முயல் வளர்க்கும் முன்னாள் சாயத் தொழிலாளி,
சின்னாளபட்டி, திண்டுக்கல் மாவட்டம்.