கதவருகே ஒருவர் நிற்கட்டும்

தொழில்நுட்பச் சந்திப்புகளை நடத்தும் ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம். பகலில் நிரல் எழுதுகிறேன். வாரத்தில் ஒரு மாலை ஒரு சேர்ந்திசைக் குழுவில் பாடுகிறேன். இந்த மடலை எழுதத் தூண்டியது அந்த மாலைதான்.

குழுவுக்கு முதல்முறை போனபோது எனக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. பக்கத்தில் நின்றவர் எதுவும் கேட்கவில்லை. தன் தாளை என் பக்கம் சாய்த்து, எங்கள் குரலுக்கான வரியின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே பாடினார். பக்கம் திரும்பும் இடத்தில் லேசாகத் தலையசைப்பார். மூன்றாவது வாரம் விரலை எடுத்துவிட்டார். பாட்டு முடிந்த பிறகுதான் அதைக் கவனித்தேன்.

அதே மாதம் ஒரு தொழில்நுட்பச் சந்திப்புக்கும் போனேன். உரைகள் அருமை. இடைவேளையில் தெரிந்தவர்கள் வட்டமாகக் கூடிக்கொண்டார்கள். புதிதாக வந்த ஒருவர் சுவரோரம் நின்று கைபேசித் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தார். அடுத்த சந்திப்புக்கு அவர் வரவில்லை. நானும் அன்று அவரிடம் போய்ப் பேசவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

நம் துறையே பொழுதுபோக்குக் குழுக்களின் மடியில் வளர்ந்ததுதான். சாமர்த்தியமான தொழில்நுட்ப வேலையைக் குறிக்கும் 'ஹேக்' என்ற சொல்லை நமக்குத் தந்தது அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1946-இல் தொடங்கிய மாதிரி ரயில் மன்றம். அந்த மாதிரி ரயில் பாதையில் 40 மணி நேரம் வேலை செய்தவருக்கு அந்தக் காலத்தில் மன்ற அறையின் சாவி கிடைத்தது. சாவி! ரயில் மேடைக்கு அடியில் ரிலே என்னும் மின்விசைகளோடு மல்லுக்கட்டியவர்கள்தான் பிறகு டிஎக்ஸ்-0 என்ற ஆரம்பகாலக் கணினியின் முன் இரவெல்லாம் விழித்திருந்தார்கள். 1975 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் கணினி ஆர்வலர்கள் சேர்ந்த ஹோம்ப்ரூ கணினி மன்றம் முதலில் கூடியது ஒரு வீட்டின் கார் கொட்டகையில். ஆப்பிள் நிறுவனத்தின் முதல் கணினியான ஆப்பிள் 1-இன் மின்சுற்றுப் படங்களை, அதை வடிவமைத்த வாஸ்னியாக் அந்த மன்றத்தில் சும்மாவே கொடுத்தார். புதியவருக்குக் கைகொடுக்கும் மூத்தவரை அமெச்சூர் ரேடியோக்காரர்கள் 'எல்மர்' என்பார்கள். அந்த வேலைக்கு நம்மிடம் ஒரு பெயர்கூட இல்லை.

சரி, என்ன செய்யலாம்? அடுத்த முறை ஒருங்கிணைப்பாளரைத் தேடும்போது அவர் எழுதிய நிரல்கள் இருக்கும் கிட்ஹப் பக்கத்தை மட்டும் பார்க்காதீர்கள். வேலைக்கு வெளியே எந்தக் குழுவில் இருக்கிறார், அங்கே என்ன செய்கிறார் என்றும் கேளுங்கள். சிறுவர்களுக்குக் கால்பந்து பழக்குபவருக்கு ஆட்டத்தில் சேராமல் ஒதுங்கி நிற்பவரை உடனே தெரியும். அப்புறம், புதியவர்களை வரவேற்கக் கதவருகே நிற்க ஒருவரை அமர்த்துங்கள். அந்தப் பொறுப்பை எப்போதும் பெண்கள் தலையிலேயே கட்டாதீர்கள்.

அடுத்த சந்திப்பில் அந்த இடத்தில் நான் நிற்கிறேன். அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் சந்திப்புகளுக்கு வரும் ஒரு நிரலர்