ஓஃபன்பாக் போய்விட்டு வா

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை.

கிறிஸ்துமஸ் லீவில் நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. நீ பிரசங்கம் செய்ய இருந்த வாலிபர் ஆராதனைக்கு முந்தின ராத்திரி சபை மூப்பர் ஒருவர் வந்து, "பாப்பா வேண்டுமானால் சாட்சி சொல்லட்டும், பிரசங்கம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார். முப்பது வருஷம் ஞாயிறு பள்ளியில் பாடம் சொன்ன நான், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நீயும் ஒன்றும் சொல்லவில்லை. எழுதி வைத்திருந்த தாள்களை மடித்துப் பெட்டியில் வைத்ததை நான் பார்த்தேன்.

நீ ஜெர்மனிக்குத் திரும்பிப் போன பிறகு, இங்கே விட்டுப்போன புத்தகங்களை வாசிக்க ஆரம்பித்தேன். யூதப் பெண்கள் வேதம் கற்றதையும் கற்பித்ததையும் பற்றியவை. வேதாகமத்தில் தீர்க்கதரிசிகளாக வரும் தெபொராளையும் உல்தாளையும் நமக்குத் தெரியும். வேதாகமத்துக்குப் பிறகும் அவர்கள் வரிசை நிற்கவில்லை என்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிகிறது.

பெரூரியாவை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டாம் நூற்றாண்டு, கலிலேயா நாடு. ரபீ மெயீரின் மனைவி. ரபீ என்றால் யூதர்களின் வேத ஆசான். ஒரே நாளில் 300 ஆசான்களிடம் 300 பாடங்கள் கற்றவள் என்று யூதர்களின் பழைய வேத விளக்கத் தொகுப்பான தல்மூத் சொல்கிறது. அவர்கள் தெருவில் சில முரடர்கள் மெயீரைத் தொல்லைப்படுத்தினார்களாம். அவர்கள் சாகவேண்டும் என்று அவர் ஜெபித்தார். பெரூரியா மறித்துக் கேட்டாள்: எந்த வசனத்தை வைத்து இப்படி ஜெபிக்கிறீர்? சங்கீதம் 104:35. நம் வேதாகமத்தில் அது "பாவிகள் பூமியிலிருந்து நிர்மூலமாகி" என்றுதான் இருக்கிறது. எபிரெயுவில் அந்தச் சொல்லைப் பாவங்கள் என்றும் வாசிக்கலாம் என்று அவள் காட்டினாள். பாவம் ஒழிந்தால் துன்மார்க்கரும் இருக்கமாட்டார்களே, அவர்கள் மனந்திரும்பும்படி ஜெபியும் என்றாள். அவரும் அப்படியே ஜெபித்தார், அவர்கள் மனந்திரும்பினார்கள். நான் எத்தனை முறை அந்தச் சங்கீதத்தைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருப்பேன்! அந்த ஒரு சொல்லில் நின்று யோசித்ததே இல்லை.

அவளைப் பற்றி அசிங்கமான கதை ஒன்றும் உண்டு. கணவரே ஒரு மாணவனை ஏவி அவள் கற்பைச் சோதித்தார், அவள் இடறி, உயிரை மாய்த்துக்கொண்டாள் என்று. அது தல்மூதில் இல்லை. அவள் காலத்துக்கு ஏறக்குறைய 900 வருஷம் கழித்து, தல்மூதுக்கு உரை எழுதிய ராஷி என்ற ரபீயின் உரையில் வருகிறது. நான் அதை நம்பவில்லை மகளே. படித்த பெண்ணைப் பற்றி இப்படி ஒரு கதை எப்படிக் கிளம்பும் என்று நம் ஊர்த் தெருவில் வளர்ந்தவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம் ஓஸ்னாத் பர்சானி. யோசேப்பின் மனைவி ஆஸ்நாத்தின் பெயர்தான். 17ஆம் நூற்றாண்டில், இன்றைய ஈராக் பக்கம், குர்திஸ்தானில் இருந்தவர். தகப்பனார் பெரிய ரபீ, ஆண்பிள்ளை இல்லை. மகளுக்கு வேதம் தவிர வேறு வேலை எதுவும் பழக்கவில்லை. கல்யாணத்தின்போது, இவளை வீட்டு வேலை செய்யச் சொல்லக்கூடாது என்று மாப்பிள்ளையிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்! கணவர் தம் படிப்பிலேயே மூழ்கியிருந்ததால் மாணவர்களுக்குப் பாடம் சொன்னது இவர்தான். கணவர் இறந்த பிறகு மோசூல் நகரத்து யெஷிவாவை, அதாவது அவர்களுடைய வேத பாடசாலையை, தாமே நடத்தினார். மோசூல் என்பது பழைய நினிவேக்கு எதிர்க்கரை. உதவி கேட்டு அவர் எபிரெயுவில் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. கடனுக்காக வீட்டையும் துணிமணியையும் எடுத்துக்கொண்டார்கள், முன்னால் இருந்த புத்தகங்களைக்கூட விடவில்லை என்று அதில் எழுதுகிறார். அதை வாசித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தமக்காக அவர் கேட்கவில்லை, பாடசாலை நின்றுபோகக் கூடாதே என்றுதான் கேட்டார்.

நெகாமா லெபோவிட்ஸ் நம் காலத்தவர், 1997இல் எருசலேமில் இறந்தார். வாராவாரம் வேதப் பகுதிக்குக் கேள்வித்தாள் அனுப்பி, வரும் பதில்களைச் சிவப்பு மையில் திருத்தி, திருப்பி அனுப்புவார். முப்பது வருஷம் அப்படி! கல்லறையில் "ஆசிரியை" என்று போட்டால் போதும் என்றாராம்.

இனி உனக்குப் பக்கத்தில் நடந்தது. ரெகினா யோனாஸ், 1902இல் பெர்லினில் ஏழை வீட்டில் பிறந்தவர். ஒரு பெண் ரபீ ஆகலாமா என்பதையே 1930இல் ஆய்வுக்கட்டுரையாக எழுதினார். நியாயப்பிரமாண நூல்களையே எடுத்துக்காட்டி, தப்பெண்ணத்தையும் பழக்கமின்மையையும் தவிர அநேகமாக எந்தத் தடையும் இல்லை என்று முடித்தார். பட்டம் கிடைத்தது, ரபீயாக அபிஷேகம் கிடைக்கவில்லை. ஐந்து வருஷம் காத்திருந்தார். 1935 டிசம்பர் 27 அன்று ஓஃபன்பாக் நகரத்து ரபீ மாக்ஸ் டீனமன் அவரை ரபீயாக நியமித்தார். நாசிகளுக்குத் தப்பி ஆண் ரபீக்கள் நாடு கடந்துபோக, பெர்லினில் முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனையிலும் யோனாஸ் ஊழியம் செய்தார். 1942 நவம்பரில் நாசிகள் அவரைத் தெரேசியென்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் போதித்தார். 1944 அக்டோபரில் தாயோடு அவுஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு. இருவரும் திரும்பவில்லை. அவரோடு முகாமில் இருந்து பிழைத்த பெரிய மனிதர்கள்கூட அவரைப் பற்றி எழுதவில்லை. பெர்லின் சுவர் விழுந்த பிறகு, 1991இல்தான் ஓர் ஆவணக் காப்பகத்தில் அவருடைய தாள்கள் வெளியே வந்தன. அரை நூற்றாண்டு பெட்டியில் கிடந்திருக்கின்றன. அதனால்தான் உன் தாள்கள் ஞாபகம் வந்தது.

போன செவ்வாய்க்கிழமை அந்த மூப்பர் வீட்டுக்கு நானே போனேன். இந்த முறை அவர் காபி கொடுத்தார், நான் பேசினேன். உல்தாளிடம் பிரதான ஆசாரியனே போய் விசாரித்ததைக் காட்டினேன். யோசிக்கிறேன் என்றார். சரி என்று சொல்லும்வரை போவேன்.

ஓஃபன்பாக் ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் பக்கத்து ஊர்தானாமே. டீனமன் ரபீயாக இருந்த ஜெப ஆலயம் இப்போது கலையரங்கமாக நிற்கிறதாம். ஒரு ஞாயிறு மத்தியானம் ரயில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. குளிருக்குக் காது மூடிக்கொண்டு போ. அந்தத் தாள்களையும் போட்டோ எடுத்து அனுப்பு, உன் பிரசங்கத்தை நான் இன்னும் வாசிக்கவில்லை.

அன்புடன்,
அம்மா