ஈர்ப்பு வரைபடத்தில் அடர்த்தி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காவிரிப் படுகையின் ஈர்ப்பு வரைபடம் (புவியீர்ப்பு இடத்துக்கு இடம் கூடிக் குறைவதை வண்ணங்களில் காட்டும் படம்) குறித்து உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயம் தமிழில் வருவது அபூர்வம், அதற்காக நன்றி. ஆனால், நீலம் என்றால் படிவுப் பாறை தடித்துக் கிடக்கும் பள்ளம், சிவப்பு என்றால் படிவுக்கு அடியில் உள்ள கடினமான அடித்தளப் பாறை மேலெழுந்த முகடு என்று கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. படத்தின் ஓரக் குறிப்பும் வெட்டுப்பட்டிருக்கிறது. எந்த அடர்த்தியை வைத்துத் திருத்தம் செய்தார்கள் என்பது அந்தக் குறிப்பில்தான் இருக்கும். அது தெரியாமல் வண்ணங்களுக்குப் பொருள் சொல்வது சரியல்ல.

ஈர்ப்பை அளக்கும் கருவியான கிராவிமீட்டர் பாறையை இனம் பிரித்துக் காட்டாது. கீழே உள்ள எல்லாவற்றின் ஈர்ப்பையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும். அதில் அட்சரேகை, உயரம் இவற்றின் பங்கை நீக்கிய பிறகு, கடல் மட்டத்துக்கும் அளந்த இடத்துக்கும் நடுவில் உள்ள பாறையின் பங்கையும் கழிக்க வேண்டும். இதுதான் பூகே திருத்தம். 0.0419ஐ அடர்த்தியாலும் மீட்டர் உயரத்தாலும் பெருக்கினால் கழிக்க வேண்டிய அளவு மில்லிகேலில் (ஈர்ப்பை அளக்கும் சிறு அலகு) கிடைக்கும். அடர்த்திக்குப் பெரும்பாலும் 2.67 (கன செ.மீ.க்கு கிராம்) என்று போடுகிறார்கள். அது 19ஆம் நூற்றாண்டிலிருந்து வழக்கில் உள்ள ஒரு சராசரி. உங்கள் ஊர்ப் பாறையை யாரும் எடை போட்டுச் சொன்ன எண் அல்ல.

டெல்டாவில் இதனால் பெரிய பாதகமில்லை, நிலம் அவ்வளவு தாழ்வு. நீலகிரிக்குப் போனால் கதை வேறு. அங்கே உள்ள சார்னோக்கைட் என்ற கனமான பாறையின் அடர்த்தியை 2.77 என்று வைத்துக்கொண்டால், சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் 0.1 வித்தியாசமே 9 மில்லிகேலுக்கு மேல் பிழை தரும். குறைவாகக் கழிப்பதால், மலை உயரும் இடமெல்லாம் வரைபடத்தில் பொய்யாக ஒரு ஈர்ப்பு மேடு தெரியும்.

சரியான அடர்த்தியைக் கண்டுபிடிக்க, புவி இயற்பியலாளர் நெட்டில்டன் 1939இல் சொன்ன முறை இன்றும் கைகொடுக்கிறது. ஒரு குன்றின் குறுக்கே வரிசையாக அளந்து, 2.2 முதல் 2.9 வரை ஒவ்வொரு அடர்த்திக்கும் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். எந்த வளைகோட்டில் குன்றின் சாயல் மிகக் குறைவாகத் தெரிகிறதோ, அதுவே குன்றின் அடர்த்தி. ஆனால் உள்ளே கனமான பாறை இருப்பதால்தான் குன்றே நிற்கிறது என்றால் இந்த முறை ஏமாற்றிவிடும்.

காவிரிப் படுகையில் உண்மையான சிக்கல் அடர்த்தி வேறுபாட்டில் இருக்கிறது. வரைபடத்தில் 30 மில்லிகேல் ஈர்ப்புப் பள்ளம் ஒன்று தெரிகிறது என்று கொள்வோம். படிவுக்கும் அடித்தளத்துக்கும் வேறுபாடு 0.4 என்றால் படிவின் தடிமன் சுமார் 1,790 மீட்டர். அதையே 0.25 என்று எடுத்தால் 2,860 மீட்டர். ஒரே அளவீடு, ஆனால் துளையிட வேண்டிய ஆழம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் மாறிவிடுகிறது. போதாததற்கு, படிவு ஆழத்தில் நெருக்குண்டு கனமாகிக்கொண்டே போகும். வேறுபாடு 0.5 உள்ள மேல் 1,000 மீட்டர் 21 மில்லிகேல் குறைக்கும். வேறுபாடு 0.1 மட்டுமே உள்ள அடி 1,000 மீட்டர் குறைப்பதோ 4 மில்லிகேல்தான். ஆழமான பள்ளங்களை, மேலடுக்கின் அடர்த்தியை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் ஆழம் குறைந்தே வரும்.

'சிவப்பெல்லாம் முகடு' என்பதும் அப்படித்தான். கும்பகோணம்–மாதானம், பட்டுக்கோட்டை–மன்னார்குடி என்ற நிலத்தடி முகடுகள் உண்மையானவையே. ஆனால் அடித்தளம் கொஞ்சமும் உயராமல், அடர்த்தி 2.65 உள்ள கிரானைட் நைஸ் என்ற பாறை 2.85 உள்ள பாறையாக மாறினாலும் போதும், ஒரு கிலோமீட்டர் தடிமனுக்கு 8 மில்லிகேல் மேடு வந்துவிடும். அதே இடத்துக் காந்த வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே மாறினால் பாறை மாற்றத்தைச் சந்தேகிக்கலாம். நில அதிர்வு ஆய்வும் துளையும்தான் தீர்ப்புச் சொல்லும்.

அடர்த்தியை அளப்பதிலும் கவனம் வேண்டும். ஒரு மணற்கல் மாதிரி உலர்ந்த நிலையில் 466 கிராம், ஒரு நாளுக்குக் குறையாமல் தண்ணீரில் ஊறிய பின் 490, நீரில் தொங்கவிட்டு எடை போட்டால் 290 என்று வைத்துக்கொள்ளுங்கள். கன அளவு 200 கன செ.மீ. உலர் அடர்த்தி 2.33, ஊறிய அடர்த்தி 2.45, கல்லின் நுண்துளைகளை விட்டுவிட்டு மணல் துகள்களை மட்டும் கணக்கிட்டால் 2.65. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள அடுக்குக்கு 2.45ஐத்தான் எடுக்க வேண்டும். அட்டவணையைப் பார்த்து உலர் அடர்த்தியான 2.33ஐ எடுத்துவிட்டால், 500 மீட்டர் அடுக்குக்கு 2.5 மில்லிகேல் பிழை. சாலையோரம் உடைத்தெடுத்த சிதைந்த கல் இன்னும் இலேசாக இருக்கும். கல்குவாரியின் அடிமட்டத்துக் கல்லே நம்பகமானது. துளைகளில் இறக்கும் அடர்த்திக் கருவிகூட, துளைச் சுவர் சரிந்த இடத்தில் சேற்றை அளந்து குறைத்துக் காட்டும். துளை விட்டத்தின் பதிவோடு ஒப்பிடாமல் அந்த எண்ணை ஏற்கக் கூடாது.

இத்தகைய வரைபடத்தை அடுத்த முறை வெளியிடும்போது திருத்த அடர்த்தி, அளவீட்டு நிலையங்களின் இடைவெளி, சமமதிப்புக் கோடுகளின் இடைவெளி ஆகிய மூன்றையும் படத்தின் அடியிலேயே அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
புவி இயற்பியல் வாசகர்,
கடலூர்.